நீர்த்துறையில் வந்தவள்: சிலப்பதிகார வழிநடையில் தனிமையும் வம்பரும்

ஆய்வுச் சுருக்கம்

புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியிலும் மதுரையிலுமாகக் கோவலன் மூன்று முறை துணையின்றி அயலாரை எதிர்ப்படுகிறான். காட்டுப் பொய்கையில் வசந்தமாலை உருவில் வந்த வனசாரிணி, மாதவிப் பந்தரில் கோசிகன், மதுரை வீதியில் பொற்கொல்லன் ஆகியோரே அவர்கள். இச்சந்திப்புகளை ஒரே தொடராக வாசிக்கும்போது, முதலாவதில் தப்பிய கோவலன் மூன்றாவதில் ஏன் தப்பவில்லை என்னும் வினா எழுகிறது. அதற்கான விடையைக் காவிரிக் கழிமுக வணிக நகரமாகிய புகார் அயலாரைக் கையாண்ட முறையில் இக்கட்டுரை தேடுகிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், நாடுகாண் காதை, காடுகாண் காதை, வம்பர், வனசாரிணி, வழிப்பயணம்

சில அடிகளில் முடியும் ஒரு நிகழ்ச்சி

காடுகாண் காதையின் இறுதிப் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. நீர்வேட்கை மிகுந்த கோவலன், கண்ணகியையும் கவுந்தியடிகளையும் விட்டு வழியினின்று விலகி, ஒரு பொய்கைக் கரையை அடைகிறான். அங்கே ஒரு பெண் அவன் காலடியில் விழுந்து அழுகிறாள். அவள் முகம் அவனுக்குத் தெரிந்த முகம். மாதவியின் தோழி வசந்தமாலையின் முகம். 'நீ பிழைபடச் சொன்னதால்தான் கோவலன் கொடுமை செய்தான்' என்று மாதவி தன்மேல் பழிபோட்டதாகவும், கணிகையர் வாழ்வே இழிந்தது என்று நொந்து முத்துவடத்தை அறுத்தெறிந்து தன்னையும் துறந்துவிட்டதாகவும் அவள் கூறுகிறாள். நீங்கள் மதுரைக்குச் செல்வதை எதிர்வழியில் வந்தோர் சொல்லக் கேட்டு, வணிகச் சாத்தோடு வந்து தனியே துயருறுகிறேன், எனக்கு என்ன கட்டளை என்று கேட்கிறாள்.

கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் முன்னரே சொல்லியிருந்த எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. நடுவழியில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்பதே அது. கொற்றவைக்குரிய மந்திரத்தை அவன் ஓத, வந்தவள் தான் வனசாரிணி என்பதை ஒப்புக்கொள்கிறாள். இங்கு நடந்ததை உன் மனைவிக்கும் அந்தத் தவமுதல்விக்கும் சொல்லாதே என்று கூறி நீங்குகிறாள். கோவலன் தாமரை இலையில் நீர்கொண்டு வந்து கண்ணகியின் தளர்ச்சியைத் தீர்க்கிறான்.

இதனைக் கோவலனின் மனத்திட்பத்திற்கு வைக்கப்பட்ட சோதனை என்று வாசிப்பது வழக்கம். மாதவியிடம் மயங்கியவன் இப்போது மயங்கவில்லை. ஆகவே திருந்திவிட்டான் என்பது அவ்வாசிப்பின் முடிபு. அது தவறென்று கூற முடியாது. ஆனால் அது நிகழ்ச்சியை அங்கேயே மூடிவிடுகிறது. மூன்று நான்கு காதைகளுக்குப் பின் இதே கோவலன், இதே போலத் தனியே நிற்கையில், முன்பின் அறியாத ஒருவன் கைகூப்பிய மாத்திரத்தில் தன் மனைவியின் சிலம்பை அவிழ்த்துக் காட்டுகிறான். பொய்கைக் கரையில் இருந்த ஐயம் மதுரை வீதியில் எங்கே போயிற்று?

வம்பர் வாழ்ந்த நகர்

தொல்காப்பிய உரியியல் 'வம்பு' என்னும் சொல்லுக்கு நிலையின்மைப் பொருள் தருகிறது. புதுமை, நிலைபெறாமை என்னும் பொருள்களில் வழங்கிய இச்சொல்லின் அடியாகவே புதியவர் வம்பர், வம்ப மாக்கள் எனப்பட்டனர். இன்று நம் பேச்சில் வம்பு என்றால் தொல்லை, வேண்டாத சண்டை. புதியவர் என்ற பொருள் எப்போது தொல்லை என்ற பொருளாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. சிலப்பதிகாரத்தில் இவ்விரண்டும் இன்னும் பிரியாமல் நிற்கின்றன.

இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் புகார், அயலாரைக் கண்டு அஞ்சாத நகர். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள் உள்ளன. கலம்தரு செல்வத்தை நாடி வந்த பல மொழியினர் கலந்து வாழ்கின்றனர். வம்ப மாக்கள் தம் பெயர் பொறித்த பொதிகளைக் காவலின்றி வெளியிலேயே விட்டுச் செல்லலாம். அவற்றைக் களவாடியவனைக் கழுத்துக் கடுக்கச் சுமக்கவைத்து அலைக்கழிக்க வெள்ளிடை மன்றம் இருக்கிறது. பொய்த்தவம் பூண்டோர், மறைவாகத் தீநெறி ஒழுகும் பெண்டிர், அறைபோகும் அமைச்சர், பிறர்மனை நயப்போர், பொய்க்கரி புகல்வோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தால் கட்டி விழுங்கச் சதுக்கப் பூதம் இருக்கிறது.

வணிகர் மகனாகிய கோவலன் வளர்ந்த உலகம் இது. அங்கே முன்பின் அறியாதவனோடு வாணிகம் செய்வதற்கு அவனுடைய குலமோ ஊரோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐயப்படும் வேலையைத் தனிமனிதன் செய்யவேண்டிய தேவையும் இல்லை; அதை மன்றமும் பூதமும் பார்த்துக்கொள்ளும். புகாரின் பெருமையாகப் பாடப்படும் இந்த ஏற்பாட்டை அந்நகரத்து மாந்தரின் மனப்பழக்கமாகவும் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கோவலன் புகாரை விட்டு நீங்கும்போது பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை. கண்ணகியின் சிலம்பே முதல். இந்த மனப்பழக்கம் மட்டும் அவன் அறியாமல் கூடவே வருகிறது.

வயல்வழி

வைகறைக்கு முன் புகாரின் வாயிலைக் கடந்து, காவிரியின் வடகரையில் மேற்கு நோக்கி நடந்து, ஒரு காவதத் தொலைவில் கவுந்தியின் பள்ளியை அடைகின்றனர். மதுரை எங்கே என்று மூச்சுவாங்கக் கேட்கும் கண்ணகிக்கு, முப்பது காதத் தொலைவை அருகில்தான் என்று கூறிக் கோவலன் சிரிக்கிறான். கண்ணகியிடம் கோவலன் சொல்லும் பொய்களில் இது மிகவும் மென்மையானது.

கவுந்தி அவர்களோடு புறப்படும்போது வழியின் இடர்களைக் கூறுகிறார். கள்வரையோ விலங்கையோ அவர் குறிப்பிடவில்லை. சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடி மறைத்திருக்கும். வயல்வழியே சென்றால், நீர்நாய்க்கு அஞ்சித் துள்ளும் மீனைக் கண்டு கண்ணகி நடுங்குவாள். வாய்க்கால் கரையில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும், அத்துன்பம் பொறுத்தற்கரியது. இதனைச் சமண அறத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கூறிவிட்டுச் செல்வது போதாது. காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே நடப்போருக்கு அயலாரால் தீங்கு வரும் என்று கவுந்தி நினைக்கவே இல்லை. நடப்போரால் அயல் உயிர்களுக்குத் தீங்கு வரும் என்பதே அவர் கவலை. வழியெங்கும் ஆள் அரவம். ஏர்மங்கலம் பாடுவோர், களத்தில் முகவைப் பாட்டு இசைப்போர், நடவு வயலில் கள்ளருந்திய மயக்கத்தில் பாடும் பெண்டிர் என இக்காதை ஒலிகளால் நிறைந்தது. 1892இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர், அப்போது கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியவர். இவ்வொலிகளுக்கு அவர் அகராதி தேடியிருக்க வேண்டியதில்லை.

இந்த வழியிலும் ஓர் இடத்தில் அச்சம் நுழைகிறது. அரங்கத்திலிருந்து ஓடமேறித் தென்கரை அடைந்து ஒரு பூம்பொழிலில் அமர்ந்திருக்கையில், வம்பப் பரத்தை ஒருத்தியும் வறுமொழியாளன் ஒருவனும் வந்து, இவர்கள் யார் என்று கவுந்தியைக் கேட்கின்றனர். என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவனும் மனைவியுமாக வாழ்வது உண்டோ என்று அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவி புதைத்து நடுங்குகிறாள். எள்ளியவர்களை நரிகளாகுமாறு கவுந்தி சபிக்கிறார். கோவலனும் கண்ணகியும் இரந்து வேண்ட, சாபம் பன்னிரு திங்களாகக் குறைகிறது.

இப்பகுதியை விளங்கிக்கொள்ள எனக்கு உரைகளைவிட ஒரு பேருந்துப் பயணம் உதவியது. நாடுகாண் காதையின் வழியைப் பூம்புகாரிலிருந்து திருவரங்கம் வரை சிறுசிறு பகுதிகளாகத் தனியே பயணம் செய்து பார்த்தபோது, கும்பகோணத்திலிருந்து கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு செல்லும் மாலைப் பேருந்தில், பக்கத்து இருக்கைக்கு இடம் மாறி வந்த ஒருவர், "எந்த ஊரு பாப்பா? தனியாவா வர்றே?" என்று கேட்டார். இப்பகுதியில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்விதான். ஆயினும் நான் சற்றும் யோசியாமல், "அண்ணன் முன்னால உக்காந்திருக்காங்க" என்றேன். எனக்கு அண்ணன் இல்லை. அவர் முன்னிருக்கைகளை ஒருமுறை நோட்டமிட்டுவிட்டு, நான் இறங்கிய நிறுத்தத்திலேயே இறங்கி, கடைத்தெரு வரை எனக்குப் பின்னால் நடந்து, பிறகு ஒரு சந்தில் திரும்பிவிட்டார். அவர் வீடு அங்கேயே இருந்திருக்கலாம். அதை நான் அறியப்போவதில்லை.

கவுந்தியின் 'என் மக்கள்' என்ற சொல்லும் என் அண்ணனும் ஒரே இனத்தவை. வழியில் உறவு என்பது ஒரு காப்பு. கேள்வி கேட்பவன் அக்காப்பில் துளை தேடுகிறான். எள்ளியவர்கள் கூறியதில் ஏரண முறையில் பிழை இல்லை. அதனால்தான் கவுந்தியின் சினம் அவ்வளவு கடுமையாக இருக்கிறது.

பொய்கையும் பந்தரும்

உறையூரைத் தாண்டியபின் நெல்வயல்களின் ஒலி அடங்குகிறது. கொடும்பாளூர் நெடுங்குளத்துக் கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று கூறும் மாங்காட்டு மறையோனும் ஓர் அயலான்தான். ஆயினும் அவன் பேச்சு முழுவதும் கவுந்தியின் முன்னிலையில் நிகழ்கிறது. அவன் கூறிய பொய்கை நீராடலை அவர் மறுத்துரைக்கவும் செய்கிறார். கூட்டத்தில் கேட்ட சொல்லை எடைபோட ஆள் உண்டு. பொய்கைக் கரையில் அது இல்லை.

வனசாரிணி அழகிய புதுப்பெண் உருவில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மயக்குவதே நோக்கமெனில் அதுவே எளிது. அவள் தெரிந்த முகத்தோடும், கோவலன் உள்ளூர எதிர்பார்த்திருக்கக்கூடிய செய்தியோடும் வருகிறாள். மாதவி நொந்தாள், தன் வாழ்வையே வெறுத்தாள் என்னும் செய்தி அவன் குற்றவுணர்வுக்கு நேராக எறியப்பட்டது. அயலாள் அவன் நெஞ்சில் இருந்ததை எடுத்துப் பேசுகிறாள். அச்சம் தருவது இதுதான்; தெய்வம் என்பதன்று.

அடுத்து அவள் கேட்டுக்கொள்ளும் மறைப்பு. கோவலன் கண்ணகியிடம் கூறினானா என்பதை நூல் சொல்லவில்லை. நீர் கொண்டுவந்தான் என்பதோடு நின்றுவிடுகிறது. அவன் கூறவில்லை என்றே நான் வாசிக்கிறேன். கூறியிருந்தால் கவுந்தி அதை விட்டுவைத்திருக்கமாட்டார். தனியே நேர்ந்ததைத் தனியே வைத்துக்கொள் என்னும் கட்டளை தமிழ்ப் புனைவில் நெடுங்காலம் தொடர்வது. பின்னர் அது பெரும்பாலும் பெண்ணுக்கே இடப்பட்டது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) சிறுகதையில், மழையில் காரேற்றிச் சென்ற அயலானால் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளைத் தாய் நீராட்டி, நடந்ததை வெளியே சொல்லாதே என்கிறாள். தாய் அவ்வாறு மறைக்காமல் ஊரறியச் செய்திருந்தால் என்னவாகும் என்பதை அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதியபோது, வீடு விலக்கிய கங்காவுக்குப் புகலிடமானது தஞ்சாவூர் மாமன் வீடு. அந்த மாமனே அவளுக்கு அடுத்த அச்சமாகிறான். அயலானைவிட உறவினனுக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்பதை அந்நாவல் அளவுக்கு அழுத்தமாகச் சொன்ன நூல்கள் குறைவு. சிலப்பதிகாரத்திலோ வழியில் கற்புச் சோதனைக்கு உள்ளாகிறவன் ஆண். இந்தத் தலைகீழ் நிலை உரியவாறு கவனிக்கப்படவில்லை.

புறஞ்சேரி இறுத்த காதையில் இதன் மறுபக்கம் வருகிறது. மீண்டும் கோவலன் துணைவரை விட்டுத் தனியே செல்கிறான். அவனைத் தேடி வந்த கோசிகன், துயரால் உருமாறிய அவனை அடையாளம் காண இயலாமல், வெயிலில் வாடிய மாதவிக்கொடியிடம் பேசுகிறான்: கோவலன் பிரிந்த மாதவியைப்போல் நீயும் வாடினாயோ என்று. கோவலனே வந்து, என்ன சொன்னாய் என்று கேட்கிறான். வனசாரிணி ஐயத்துக்கு இடமில்லாத முகத்தோடு வந்து பொய் கூறினாள். கோசிகன் யாரென்று அறியாத ஒருவன் காதில் விழும்படி மெய் கூறுகிறான். மெய்க்குச் சான்று முகமன்று. ஓலையின் மண்ணிலச்சினையில் ஏறியிருந்த, மாதவியின் கூந்தலில் அவன் அறிந்த நெய்மணம். அதே ஓலை தன் பெற்றோருக்கும் பொருந்தும் என்று கண்டு அதைக் கோசிகனிடமே திருப்பிக் கொடுக்கிறான். மாதவி தீதிலள், தீது என்னுடையது என்று அவன் சொல்ல முடிந்ததும் இங்கேதான். பொய்கையில் மந்திரம் ஓதி விரட்டிய அதே செய்தியை, பந்தரின் கீழ் அவன் ஏற்றுக்கொள்கிறான்.

மதுரை வீதி

கோவலனுக்கு இப்போது இரண்டு பாடங்கள் உள்ளன. தெரிந்த முகம் பொய்க்கலாம். தெரியாத முகம் மெய் சொல்லலாம். கொலைக்களக் காதையில் நூறு கம்மியர் பின்தொடர, சட்டையணிந்து, கையில் குறடுடன் வரும் பொற்கொல்லனைக் காணும்போது, இவ்விரண்டில் இரண்டாவது பாடமே அவனைச் செலுத்துகிறது என்று தோன்றுகிறது. ஆனால் அதைவிடப் பழைய ஒன்று அடியில் இருக்கிறது. எதிரே வருபவன் அரசனின் கொல்லன், தொழிலன், சந்தைக்குரியவன். தேவிக்கு ஆகத்தக்க காலணி ஒன்றை நீ விலைமதிக்க வல்லையோ என்று கோவலன் கேட்பது புகார் வணிகனின் மொழி. புகாரில் இந்தக் கேள்விக்கு ஆபத்து இல்லை. பொய்கைக் கரையில் அவன் கற்ற ஐயம், காமத்தின் உருவில் வரும் வஞ்சத்திற்கு மட்டுமே ஆனது. தொழிலின் உருவில் வரும் வஞ்சத்தை அடையாளம் காண அவனுக்கு யாரும் மந்திரம் சொல்லித்தரவில்லை.

இதற்கு இரு சான்றுகள் நூலுக்குள்ளேயே உண்டு. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் பழஞ்செயல்களைக் கூறுகிறான். பத்தினி ஒருத்திமேல் பொய்க்கரி சொன்னவனைச் சதுக்கப் பூதம் கட்டியபோது, அவன் தாயின் துயரம் பொறாமல், தன் உயிரைக் கொண்டு அவனை விடு என்று கோவலன் பூதத்தை வேண்டினான். பூதம் இணங்கவில்லை; இறந்தவனின் குடும்பத்தைக் கோவலன் பல்லாண்டு புரந்தான். இக்கதை அவனுடைய அருளுக்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. பொய்க்கரியால் அவன் இறக்கப்போவதற்குச் சற்று முன்னர் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பொய் சொன்னவனை விழுங்கும் பூதம் புகாரில் இருந்தது. மதுரையில் அது இல்லை.

மற்றொன்று, காவலரிடம் பொற்கொல்லன் பேசும் பேச்சு. இவன் முகத்தில் கள்வன் குறி இல்லையே என்று அவர்கள் தயங்க, கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அவன் அடுக்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எனத் தொடங்கி, தந்திரம், இடம், காலம், கருவி என்று முடியும் பட்டியல் அது. மந்திரமும் தெய்வமும் முதல் இரண்டு. பொய்கையில் மந்திரத்தால் தப்பித்தவன்மேல், மந்திரம் உடையவன் என்பதே குற்றமாகச் சாட்டப்படுகிறது. இளங்கோ இதைத் திட்டமிட்டே அமைத்தார் என்று உறுதிகூற இயலாது. அமைந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இவ்வாசிப்பிற்கு ஊழ்வினையைச் சுட்டி மறுப்புக் கூறலாம். நூலே ஊழை முன்னிறுத்துகிறது. கோவலனின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் பெயர்சொல்லி அழைக்கிறது. ஆயினும் ஊழ் வெறுங்கையோடு வந்து வேலை செய்வதில்லை. எதிர்வந்த ஏற்றினைத் தீநிமித்தம் என்று அவன் அறியவில்லை, அது அவன் குலத்தார் அறியாதது என்று நூல் காரணம் தருவதைக் காண்க. ஒருவன் எதை அறியாத குலத்தில், எதை நம்பும் ஊரில் வளர்ந்தான் என்பதன் வழியாகவே ஊழ் அவனை அடைகிறது.

பின்னால் வந்தவள்

இதுவரை கண்ணகி தனியே நடந்ததில்லை. வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி அவளைக் கொங்கச்செல்வி, குடமலையாட்டி என்றெல்லாம் அழைத்தபோதும், இம்மூதாட்டி மயங்கிப் பேசுகிறாள் என்று கணவன் முதுகுக்குப் பின் ஒளிய முடிந்தது. அயலாளின் வாயில் தன் எதிர்காலம் பேசப்பட்டதை அவள் அறியவில்லை. அறிய விரும்பவும் இல்லை.

மதுரை எரிந்தபின் அவள் முதன்முதலாகத் தனியே நிற்கிறாள். அப்போதும் ஓர் அயலாள் வருகிறாள். ஆனால் முன்னே வர அஞ்சிப் பின்னே வருகிறாள் மதுராபதி. திரும்பி நின்று கேள்வி கேட்பவள் கண்ணகி: என் பின்னால் வருகின்ற நீ யார், என் துயரம் இன்னதென்று அறிவாயா? நாடுகாண் காதையில் பரத்தையின் கேள்விக்குச் செவி புதைத்து நடுங்கியவள் இவள்தான். கீழ்வாயிலில் கணவனோடு புகுந்தேன், மேல்வாயிலில் தனியே போகிறேன் என்று கொற்றவை வாயிலில் வளையை உடைத்துவிட்டு, வையைக் கரையோடு பகலும் இரவும் அறியாமல் மேற்கே நடக்கிறாள். அவ்வழியில் அவளை மறித்துப் பேசியோர் எவரையும் நூல் குறிக்கவில்லை.

குன்றக்குரவையில் வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நிற்பவளைக் குறவர் காண்கின்றனர். தினைப்புனம் காக்கவும் அருவியாடவும் வந்த எளிய மக்கள். வள்ளிபோல் நடுங்கி நிற்கும் நீர் யார் என்று கேட்கின்றனர். அஞ்சுவதற்கு உரிய அயலாள் இப்போது கண்ணகியே. அவள் சினமின்றி விடை சொல்கிறாள்.